ஜாடியில் கொடுத்த கட்டி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் சொன்னவன் நான்தான். நாலாம் வகுப்போடு நின்றவன், நெல் லாரி ஓட்டினவன். எழுதுகிறவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது, என்னையும் சேர்த்துத்தான்.

முதல் வரியை இப்படி வைத்தேன்: 'மன்சூராவில் அன்று நைல் பொன்னாக மின்னி...' அடித்துவிட்டேன். அன்றைக்கு ஆற்றை யார் பார்த்தது?

2

என் மகள் ரிஹாமுக்கு அப்போது பத்தொன்பது. கணையத்தின் வால்பக்கம் ஆரஞ்சு அளவு கட்டி.

"அபூர்வமான கட்டி ஹாஜியார். சின்ன வயசுப் பொண்ணுங்களுக்குத்தான் வரும். வெட்டிட்டா பெரும்பாலும் தொல்லை விட்டுது" என்றார் டாக்டர் வஜ்தி.

"பெரும்பாலும்னா?"

"பெரும்பாலும்னா பெரும்பாலும்தான்."

வாலோடு கட்டியை எடுத்தார். ஒட்டியிருந்த மண்ணீரலைக் காப்பாற்றிவிட்டார்.

அந்தப் பத்து நாளை நினைத்தால் மனசு இன்னும் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. நாலு கட்டில் அறை. பக்கத்துக் கட்டில் உம்மு சஃப்வத் கத்துவாள்: "உன் வாப்பா மூஞ்சியப் பாரு, இவரையில்ல வெட்டியிருக்கணும்!" ரிஹாம் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொள்வாள். "சிரிக்க வைக்காதீங்க மாமி, தையல் இழுக்குது!"

(அந்தச் சிரிப்பை எழுத்தில் கொண்டுவரப் பார்த்தேன். வரவில்லை.)

3

கட்டியை ஜாடியில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். சோதனைக்கூடத்துக்கு நோயாளியின் வீட்டு ஆள்தான் தூக்கிப்போக வேண்டும். போனேன். உள்ளே ஒருத்தன் சிகரெட்டும் வாயுமாக யாருடைய சதையையோ சீவிக்கொண்டிருந்தான். உடம்பிலிருந்து பிரிந்தது மண்ணுக்குப் போகவேண்டும், எங்கள் வழக்கம் அது. திரும்பி நடந்தேன். ஜாடியைக் கொண்டுபோய்...

[மூன்று தடவை இங்கே நிறுத்திவிட்டேன்.]

ரிஹாமுடைய உம்மாவின் கபருக்குப் பக்கத்தில் புதைத்தேன்.

டாக்டரிடம் ஜாடி உடைந்துபோச்சு என்றேன். என்னையே பார்த்தார். "அப்போ கட்டி நல்லதா கெட்டதான்னு சொல்ல முடியாது. வருஷா வருஷம் ஸ்கேன். ஒண்ணுகூடத் தப்பக் கூடாது."

ரிஹாமிடம், சோதனையில் சுத்தம் என்றேன்.

4

எட்டு வருஷம் ஏதாவது சாக்குச் சொல்லிக் கூட்டிப்போனேன். ஒன்றும் இல்லை என்றே வந்தது. இந்த வருஷம் மறுத்துவிட்டாள்.

"சுத்தம்னு வந்துச்சுல்ல வாப்பா? என்னை இன்னும் நோயாளியாவே வச்சிருக்கணுமா உங்களுக்கு?"

முடிவு ஒன்று: சொன்னேன், கட்டிப்பிடித்து அழுதாள். (சினிமா.)

முடிவு இரண்டு: சொல்லாமலே நான் செத்தேன், அவள் நூறு வயசு வாழ்ந்தாள். (என் ஆசை.)

மூன்றாவதை எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. நோட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துவிட்டு வெளியே போகிறேன். படிக்கிற நீ யாரோ எனக்குத் தெரியாது. வேற்றாள் என்றால், அவள் அடுத்த அறையில்தான் இருக்கிறாள், போய்ச் சொல்.

ரிஹாம் என்றால், சனிக்கிழமை ஸ்கேனுக்கு உன் பேரைக் கொடுத்திருக்கிறேன், மகளே.