இடுப்புத் தெருவில் ஒரு கார்

ஊரைப் பற்றி யாராவது குறை சொன்னால் பெரிய சிஸ்டருக்கு மூக்கின் மேல் கோபம் வந்துவிடும். வெயில் கொளுத்துகிறதே என்றால், காற்று வருகிறதே என்பாள். காற்று ஆளைத் தூக்குகிறதே என்றால், கொசு அண்டுவதில்லையே என்பாள். இந்தக் கோடியில் தும்மினால் அந்தக் கோடியில் கேட்கும் போலிருக்கிறதே என்று மருந்துக் கம்பெனிக்காரன் ஒருவன் விளையாட்டாகச் சொல்லப் போக, அன்று முழுக்க அவளிடம் ஒரு கையெழுத்துக்கூட வாங்க முடியாமல் திரும்பினான். தீவுதான் ஊர், ஊர்தான் தீவு. நகராட்சி உண்டு, நீதிமன்றம் உண்டு, கலங்கரை விளக்கம் உண்டு, பிரசவ வார்டு வைத்த ஆஸ்பத்திரியும் உண்டு. அந்த ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ்தான் இவள். ஒரு பாலத்தைத் தாண்டினால் பெருநிலம். அதை இவர்கள் 'அக்கரை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். தேசமே அங்கேதான் இருக்கிறது என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அந்தப் பிரசவ வார்டுக்குத்தான் இப்போது கண்டம் வந்திருந்தது. வந்த டாக்டர்கள் யாரும் நிலைக்கவில்லை. ஒருவருக்கு உப்புக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை, இன்னொருவருக்கு உப்புக் காற்று ஒத்துக்கொண்டாலும் மனைவிக்கு ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. பொறுத்துப் பார்த்த மேலிடம் கடைசியில் கறாராகச் சொல்லிவிட்டது. இந்த மாதத்துக்குள் தங்கி வேலை பார்க்க ஒரு பிரசவ டாக்டர் சம்மதிக்காவிட்டால் வார்டைப் பூட்டிவிடுவார்கள். அப்புறம் தீவுக்காரிகள் நாள் நெருங்குவதற்கு முன்பே பாலம் தாண்டிப் போய், அக்கரையில் ஏதாவது லாட்ஜில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்துக் கிடக்க வேண்டியதுதான். இனி இந்த ஊரில் சாகலாம், பிறக்க முடியாது. பெரிய சிஸ்டருக்கு இதை நினைத்தாலே வயிறு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? அவளுடைய மகளுக்கே அடுத்த மாதக் கடைசியில் பிரசவம். ஊரில் பாதிப் பேரைக் கையில் வாங்கியவள் அவள். பேரப்பிள்ளையை மட்டும் எவளோ ஒருத்தி அக்கரையில் கையில் வாங்குவாளாம். ஆனாலும் ஊரைப் பார்க்க வரப்போகும் புது டாக்டரம்மாவிடம் இதை யாரும் வாய் திறந்து சொல்லக் கூடாது என்று வீட்டிலும் வார்டிலும் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தாள்.

"நீ கண்ணுல படாத. வயித்தைக் காட்டிக் கெஞ்சற மாதிரி ஆயிடும்" என்றாள் மகளிடம்.

"அப்படிக் கெஞ்சினாதான் என்னம்மா?"

"நம்ம ஊரு அவ்வளவு கேவலமா போயிடலை. பிடிச்சிருந்தா இருக்கட்டும், இல்லைன்னா போகட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் டாக்டரம்மாவின் கார் பாலத்திலிருந்து இறங்கியபோது அவள் வார்டில் நிற்காமல் கரைத் தெருவுக்கே இறங்கி வந்து காத்திருந்தாள். டாக்டரம்மாவுக்கு முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தாள். கார் புதுசு, பளபளவென்று இருந்தது.

"அந்த மதிலோரமா நிழல்ல விட்டுடுங்க, டாக்டர். சாயங்காலம் வரைக்கும் வெயிலே வராது" என்று கரைத் தெருவின் ஓரத்தைக் காட்டினாள் பெரிய சிஸ்டர்.

அவள் சொன்னதில் பொய்யில்லை. வெயில் வரவில்லை.

ஊர் சுற்றிக் காட்டும் பொறுப்பை நகராட்சித் தலைவர் தானாகவே தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டார். அவருக்குப் பட்டப்பெயர் பீரங்கி. குரலாலும் அந்தப் பெயர் பொருந்தும், கோட்டை மேட்டில் கிடக்கும் பழைய பீரங்கியை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டாமல் விடமாட்டார் என்பதாலும் பொருந்தும்.

"பாருங்க டாக்டர், இதுதான் எங்க சரித்திரம். கோட்டை கட்டினது எங்க முன்னோர்."

டாக்டரம்மா பீரங்கியைச் சுற்றி வந்தாள். "இது கடலைப் பார்க்காம அக்கரையைப் பார்த்துல்ல இருக்கு?"

"ஆமா. கடல்லேர்ந்து வந்தவன் வியாபாரம் பண்ணிட்டுப் போயிடுவான். வரி கேட்டு வந்தவன் எல்லாம் அந்தப் பக்கத்துலேர்ந்துதான் வந்தான்."

டாக்டரம்மா லேசாகச் சிரித்தாள். பெரிய சிஸ்டர் அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டாள். ஆனால் கலங்கரை விளக்கத்தின் படி ஏறுவதற்குள் அந்தச் சிரிப்பு வடிந்துவிட்டது. பீரங்கி எந்தப் படியிலும் வாயை மூடவில்லை. எந்தப் பாய்க்கப்பல் எங்கே உடைந்தது, எந்த ஆண்டு பெருமழை பெய்தது, ஊர் நடுக் கிணறு கோடையிலும் ஏன் உப்புக் கரிப்பதில்லை என்று வெளுத்து வாங்கிக்கொண்டே வந்தார். டாக்டரம்மாவுக்கு வேண்டியது வேறு. ஆஸ்பத்திரிக்கு வந்ததும் அவள் பெரிய சிஸ்டரைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"காத்தடிச்சா பாலத்தை மூடிடுவாங்களாமே?"

"எப்பவாவது."

"எப்பவாவதுன்னா?"

"எப்பவாவதுன்னா எப்பவாவதுதான், டாக்டர்."

"உப்புக் காத்துல கருவியெல்லாம் துருப்பிடிக்குமே?"

"துடைச்சு வச்சா ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே பெரிய சிஸ்டர் ஓர் அடி நகர்ந்து, துரு தின்ற கட்டில் காலை மறைத்துக்கொண்டு நின்றாள். டாக்டரம்மா அதைப் பார்த்தாளா இல்லையா என்று தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் 'ம்' என்றாள். அந்த 'ம்'தான் பெரிய சிஸ்டரின் உயிரை வாங்கியது. முன்னால் வந்த டாக்டர்களும் போவதற்கு முன் இப்படித்தான் 'ம்' போட்டார்கள்.

சாப்பிட்டு, வார்டைப் பார்த்து, பேசி முடித்துக் கீழே கரைத் தெருவுக்கு இறங்கி வந்தபோது கடைக்காரர்கள் வாசலில் பலகை சொருகிவிட்டு, உள்ளே உயரத்தில் உட்கார்ந்து சாவதானமாக வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். இரண்டு பேர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பேசியபடியே போனார்கள்.

"என்ன சிஸ்டர், தெருவெல்லாம் தண்ணி?"

"பௌர்ணமி, டாக்டர்" என்றாள் பெரிய சிஸ்டர், மணி என்ன என்று கேட்டவருக்குச் சொல்வது போல. சொன்ன பிறகுதான் அவளுக்குச் சுரீரென்றது.

பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கடல் கரைத் தெருவுக்குள் வரும், இருந்து பார்த்துவிட்டுப் போகும். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாம் தாமாகவே மேட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். தெரு நாய்கூட மேட்டுக்கு ஏறிவிடும். இதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. பொழுது சாயும் என்று யாராவது யாரிடமாவது சொல்வார்களா? வெளியூர்க்காரிக்கு இது தெரியாது என்பது அந்த ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அங்கேயே நிறுத்தச் சொன்ன மகராசிக்கும் தோன்றவில்லை.

மதிலோரம் அந்தப் பளபளப்பான கார், கதவுக்கு அடி வரை கடலில் நின்றது. சக்கரங்கள் மணலில் இறங்கியிருந்தன. டாக்டரம்மா தண்ணீரில் இறங்கிப் போய்ச் சாவியைத் திருகினாள். உள்ளே ஒரு முனகல் கேட்டது, அதோடு சரி.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம்.

"இன்னைக்குத் தண்ணி வரும்னு இங்க எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும், டாக்டர்."

"உங்களுக்கும்?"

"தெரியும்."

"என்கிட்ட யாருமே சொல்லலையே. நாளைக்கு ஒரு பிரசவ கேஸ்லயும் எனக்குத் தெரிய வேண்டியதை இப்படித்தான் சொல்லாம விடுவீங்களா?"

பெரிய சிஸ்டருக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது.  எல்லாம் கெட்டது, தன் வாயாலேயே கெட்டது என்று நினைத்தாள். தண்ணீர் இன்னும் ஏறும். இழுத்துப் போகிற வண்டி அக்கரையிலிருந்துதான் வர வேண்டும். அது வருவதற்குள் கார் முழுகிப் போகும்.

ஒரே ஒரு வழிதான் இருந்தது. அவள் பிறந்ததிலிருந்து அதைச் செய்ததில்லை. ஐஸ் கம்பெனியில் மெஷின் பார்க்கும் மனுஷனைக் கட்டிக்கொண்டவள், அவளுக்கென்று ஊரைக் கூப்பிட்டு இழுக்கப் படகு ஏது? மற்றவர்கள் கூப்பிட்டு எத்தனையோ முறை ஓடியிருக்கிறாள், தனக்காக ஒருதரமும் கூப்பிட்டதில்லை. யாரிடமும் எதையும் கேட்காதவள் என்று பெயர் எடுத்தவள். சேலையை இடுப்பில் தூக்கிச் செருகினாள். தெரு நடுவில் தண்ணீரில் நின்று, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள்.

"கயிறு."

இரண்டாவது தரம் கூப்பிடத் தேவைப்படவில்லை. பலகைக்குப் பின்னாலிருந்த கடைக்காரர்கள் வியாபாரத்தைப் போட்டது போட்டபடி தாண்டி இறங்கினார்கள். தையல்காரர் வாயில் குண்டூசியோடு வந்தார். சலூனிலிருந்து பாதி முகம் சவரமான ஒருவர் வந்தார், அவருக்குப் பின்னால் சவரம் செய்துகொண்டிருந்தவரும் வந்தார். ஐஸ் கம்பெனியிலிருந்து வடக்கயிறு வந்தது, பலகைகள் வந்தன, அவற்றில் தடவ எண்ணெய் வந்தது. யாருடைய வண்டி என்று ஒருவரும் கேட்கவில்லை. கயிறு என்று குரல் கேட்டால் யாருக்கு என்று கேட்கக் கூடாது, அதுதான் அந்த ஊர்.

"என்ன இது?" என்றாள் டாக்டரம்மா.

"இதுதான், டாக்டர், எங்க ஊரே" என்றார் பீரங்கி. பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டிருந்தார். அன்று முதல்முறையாக மெதுவாகப் பேசினார். "தீவு நடுவுல ஒடுங்கி இருக்கில்ல, அந்த இடுப்புலதான் நாம நிக்கிறோம். பாதி வருஷம் காத்து வெளிக்கடல்லேர்ந்து அடிக்கும், பாதி வருஷம் உள்கடல்லேர்ந்து. காத்து மாறினா படகை இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் இழுத்துக் கொண்டுபோயே ஆகணும். தனியா ஒருத்தனால முடியாது. இழுக்க வந்தவங்க அங்கங்க குடிசை போட்டாங்க. குடிசை தெருவாச்சு, தெரு ஊராச்சு. இங்கேர்ந்து மேட்டுக்கு ஏறுற இடுப்புத் தெருவுல படியோ தூணோ வெளிய நீட்டிக்கிட்டு இருக்கா பாருங்க. இருக்காது. படகு போகணும். நீங்க உள்ள ஏறுங்க."

"நானும் தள்றேனே."

"படகுக்காரங்க படகுலதான் இருக்கணும். உள்ள ஆள் இருந்தாத்தான் இழுக்கிறவன் பார்த்து இழுப்பான்."

டாக்டரம்மா மறுபேச்சில்லாமல் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். சக்கரத்தடியில் பலகைகள் போயின. முன்கொக்கியில் கயிறு மாட்டினார்கள். பெரிய சிஸ்டர் கயிற்றின் முதல் ஆளாக நின்றாள், பின்னால் யாரும் தன் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று.

இழுக்க முடியாதவர்கள் குரல் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். ஐஸ் கம்பெனியின் உயர்ந்த வாசல்படியிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"பிடி… இழு. பிடி… இழு."

பெரிய சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தாள். அவள் மகள். கண்ணில் படாதே என்று சொன்னதையெல்லாம் காற்றில் விட்டுவிட்டு, ஒரு கையால் கதவு நிலையையும் மறு கையால் நிறைவயிற்றையும் பிடித்துக்கொண்டு தெருவே கேட்கக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். திட்ட நேரமில்லை. திட்டவும் தோன்றவில்லை. அந்தக் குரலுக்குக் கயிறு விறைத்தது, ஊர் முழுக்க ஒரே மூச்சில் சாய்ந்தது, கார் மணலை விட்டு எழும்பிப் பலகையில் வழுக்கி ஏறியது. பெரிய சிஸ்டர் கயிற்றை இன்னும் ஒரு சுற்று கையில் சுற்றிக்கொண்டாள். இந்த ஊரில் பிறந்ததற்கு வேறு என்ன வேண்டும் என்று நினைத்தாள்.

மேட்டில் கார் நின்றதும் ஒருவரும் கை தட்டவில்லை. அரைச் சவரக்காரர் மீதி முகத்துக்குத் திரும்பிப் போனார். மெக்கானிக் மட்டும் நின்று பார்த்து, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் ஓடும், நாலு நாள் தன்னிடம் இருக்கட்டும் என்றான். டாக்டரம்மா அக்கரைக்குப் பஸ்ஸில்தான் போக வேண்டும். நிறுத்தம் வரை பெரிய சிஸ்டர் கூடவே நடந்தாள்.

"குரல் கொடுத்த பொண்ணு யாரு?"

"என் மகள்தான்."

"காலையிலேர்ந்து கூடவே இருக்கீங்க, ஒரு வார்த்தை சொல்லலை."

"கேட்டு வாங்கற மாதிரி இருக்கும்னு விட்டுட்டேன்" என்றாள் பெரிய சிஸ்டர். பிறகு நின்றாள். "டாக்டர், பாலத்தை எப்பவாவது இல்ல, காத்து மாசத்துல அடிக்கடி மூடுவாங்க. நான் மறைச்சுக்கிட்டு நின்னேனே, அந்தக் கட்டில் காலைத் துரு தின்னுடுச்சு. குவார்ட்டர்ஸ்ல மழைக்கு ஒழுகும். ஃபேன் ஒரு வருஷம் தாங்காது. எதையும் சொல்லாம விட்டது தப்பு."

"கட்டில் காலை அப்பவே பார்த்துட்டேன்" என்றாள் டாக்டரம்மா. "இவ்வளவும் தெரிஞ்சும் நீங்க ஏன் அக்கரைக்கு மாத்தல் கேட்கலை?"

"அங்க கயிறுன்னு கூப்பிட்டா, என்ன கயிறு, எத்தனை முழம்னு கேட்பாங்க."

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தாள். பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டினாள்.

"மகளுக்கு எப்பத் தேதி?"

"அடுத்த மாசக் கடைசி."

"பாலம் மூடற மாசமா?"

"ஆமா, டாக்டர்."

"அப்ப நான் இந்தப் பக்கம்தான் இருக்கணும். ஒண்ணாம் தேதி வந்துடறேன், மேல எழுதிக் கொடுத்துடறேன். அதுக்குள்ள ஒரு தடவை அவளைப் பார்க்கணும், வண்டி எடுக்க வரும்போது கூட்டிட்டு வாங்க. வண்டியை எங்க விடணும்னு மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க."

பஸ் பாலத்தில் ஏறி மறைந்தது. பெரிய சிஸ்டர் திரும்பி நடந்தாள். கால் தரையில் பாவியதாகத் தெரியவில்லை. இடுப்புத் தெருவில் பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் அவளைப் பார்த்ததும் கையை நிறுத்தினார்கள்.  மகள்தான் முன்னால் வந்து கேட்டாள்.

"என்னம்மா சொன்னாங்க?"

பெரிய சிஸ்டர் சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு மகளை மட்டும் பார்த்து அல்ல, தெருவையே பார்த்துச் சொன்னாள்.

"இங்கதான் பொறக்கும்."