இரண்டு சாவிக்கு ஒரு மூளை

உடன்பிறப்புப் பாசத்தின் விலை முப்பத்தாறாயிரம். முகத்தைச் சுளித்து, வேண்டாமென்று எழுந்து போவது போல இரண்டடி நடந்து காட்டினால் முப்பத்திரண்டுக்கு இறங்கும். அதற்குக் கீழே உதிரிபாகக் கடைக்காரர் தன்னைப் பெற்றவளுக்கே கொடுக்க மாட்டார். பொருள் என்னவோ உள்ளங்கை இரண்டு சேர்ந்த அகலத்தில் ஓர் அலுமினியப் பெட்டிதான். வேனின் எஞ்சினுக்கு எப்போது, எவ்வளவு டீசல் என்று சொல்லிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர். ஆனால் சின்னவரையும் அவர் அண்ணன் பெரியவரையும் ஒரே இடத்தில் உட்கார வைக்க அதைத் தவிர வேறெதாலும் முடியவில்லை என்பதால், அதைப் பாசத்தின் விலை என்றே எழுதிக்கொள்வது நியாயம்.

இருவரும் சேர்ந்து குழாய்க் கடை நடத்தியவர்கள். ஒருநாள் ஒரு வாஷ்பேசினுக்குச் சின்னவர், “ஒரே விலைதாங்க” என்று சொல்லி வாயை மூடுவதற்குள், பின்னாலிருந்து பெரியவர், “அஞ்சு சதவீதம் கழிச்சுக்கிட்டுக் குடுங்க” என்றார். வாங்கியவர் சிரித்துக்கொண்டே போனார். கடைக்கு நடுவே பிளைவுட் தடுப்பு எழுந்தது. குழாய்கள் வலப்பக்கம் தம்பிக்கு, திருகுகுழாய்கள் இடப்பக்கம் அண்ணனுக்கு. இரண்டும் வேண்டுமென்றால் தெருவுக்கு இறங்கி மறுபடி ஏற வேண்டும். வேனை ரம்பம் போட்டு அறுக்க வழியில்லாததால் காலையில் தம்பி, மதியத்துக்கு மேல் அண்ணன், ஆளுக்கொரு சாவி.

பேச்சு மட்டும் யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. பேரத்தில் முதலில் வாயைத் திறந்து விலை சொன்னவன் தோற்றான் என்பது அவர்கள் தொழில் பாடம். சண்டையிலும் அதே பாடத்தை வைத்துக்கொண்டதால் இருவருமே தோற்காமல் ஊமைகளாக இருந்தார்கள்.

இந்த நிலையில் சின்னவரின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. “பெரியப்பா வரலேன்னா நான் மேடை ஏற மாட்டேன். மாப்பிள்ளையோட நீங்களே நின்னு போட்டோ எடுத்துக்குங்க” என்று பெண் சொல்லிவிட்டாள். சின்னவர் அழைப்பிதழைத் தடுப்புக்கு அடியில் தள்ளிவிட்டார். தள்ளிய வேகத்திலேயே அது திரும்பி வந்து அவர் செருப்பில் முட்டியது. வாயால் கூப்பிட வேண்டும் என்று அர்த்தம். கல்யாணம் வருகிற ஞாயிறு.

வேனுக்கும் அப்போதுதான் கிறுக்குப் பிடித்தது. காலையில் குதிரையாக ஓடும்; மதியம் பெரியவர் கைக்குப் போனதும் நடுத்தெருவில் நின்றுவிடும். ‘வண்டிக்காவது நியாயம் தெரியுதே’ என்று சின்னவர் உள்ளுக்குள் குளிர்ந்து போனார். தம்பி டீசலில் எதையோ கலக்கிறான் என்று பெரியவர் தெருவெல்லாம் சொன்னார். பிறகு ஒருநாள் தூரத்து டெலிவரி ஒன்று மதியம் தாண்டி இழுத்துவிட, பாலத்தின் உச்சியில் அதே நியாயமான வண்டி சின்னவரையும் கைவிட்டது. பின்னால் நின்றவர்கள் ஹாரனிலேயே அவருடைய பரம்பரையை விசாரித்தார்கள்.

வேன் போய்ச் சேர்ந்த பணிமனையை நடத்துபவள் டார்ச்சக்கா. எஞ்சினுக்குள் குனியும்போது டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொள்வதால் வந்த பெயர். பேசுவதற்கு மட்டும் அதை எடுப்பாள், ஆகவே பெரும்பாலும் அது கையில்தான் இருக்கும். பாதி வேன் தன்னுடையது என்பதால் பெரியவரும் வந்து, தம்பியைப் பார்க்காத கோணத்தில் ஒரு டயர் மேல் உட்கார்ந்தார்.

டார்ச்சக்கா ஸ்கேனரைச் சொருகினாள். “பதினொரு கோளாறு காட்டுது.”

“எட்டுன்னு வெச்சுக்கலாமா?” என்றார் சின்னவர். நினைத்துச் சொல்லவில்லை, எண் காதில் விழுந்ததும் வாய் தானாக வேலை செய்தது.

விட்டுக்கொடுத்தால் பெரியவரா? எதிர்ச் சுவரைப் பார்த்து, “ஆறுக்கு மேல ஒத்துக்காதம்மா” என்றார்.

“இது என்ன தக்காளிக் கூடையாண்ணே, கிள்ளிப் பாத்துக் குறைக்க? பதினொரு உறுப்பும் ஒரே நாள்ல பேசி வெச்சுக்கிட்டா கெட்டுப்போகும்? கணக்கு வாங்கறவன் ஒருத்தன் உளறுறான். அவனைத்தான் பிடிக்கணும்.”

அவசரப்பட்டுப் பெட்டியைக் குற்றம் சொல்லவில்லை அவள். பேட்டரியைப் பார்த்தாள், எர்த் ஒயரைச் சுரண்டிப் பார்த்தாள், ஒயர் கட்டைப் பிடித்து உலுக்கினாள். எல்லாம் சுத்தம். கடைசியில் தலைமுடி உலர்த்தும் டிரையரைக் கொண்டுவந்து, ஓடும் எஞ்சினின் பக்கத்திலிருந்த அந்தப் பெட்டிக்குச் சூடான காற்றடித்தாள். கல்யாணப் பெண்ணுக்குத் தலை உலர்த்துவது போலப் பக்குவமாக, முன்னும் பின்னும். எஞ்சின் இருமியது, விக்கியது, உயிரை விட்டது. மின்விசிறியைத் திருப்பி ஆறவைத்தாள். சாவியைத் திருகியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது.

“சூடேறினா உள்ள ஒரு பத்தவைப்பு விட்டுப்போகுது. காலைல குளுந்து கிடக்கும், மதியம் கொதிக்கும். அவ்ளோதான். யாரும் எதையும் கலக்கல.”

குற்றவாளி யாருமில்லை என்றதும் பெரியவர் முகம் வாடிவிட்டது.

புதுப் பெட்டி வந்தது. அதில் வேனுக்கான புரோகிராமையும் ஏற்றி மாட்டிய பிறகு டார்ச்சக்கா கையை நீட்டினாள். “ரெண்டு சாவியையும் குடுங்க. புதுசு ஒண்ணும் தெரியாத மக்கு. இதுதான் உன் சாவின்னு சொல்லிக் குடுக்கணும். ஒரே மூச்சுல ரெண்டையும் கத்துக்கணும். விட்டுப்போன சாவி செத்த சாவி.”

அதுதான் அவள் செய்த தவறு. கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்கக் கூடாது. அண்ணன் சாவி மட்டும் பதிந்துவிட்டால்? இருவர் கையும் ஒரே நொடியில் அவரவர் பைக்குள் போனது. தன் சாவியைத் தானே போடுவதாகச் சின்னவர் சொல்ல, பெரியவரும் சுவரிடம் அதையே சொன்னார்.

“அப்போ ரெண்டு பேரும் உள்ள ஏறுங்க. டேஷ்போர்டுல பூட்டுப் படம் போட்ட விளக்கு எரியும். பத்து நிமிஷத்துல அணையும். அணைஞ்சதும் பத்து எண்றதுக்குள்ள அடுத்த சாவி போகணும். அதுக்கும் பத்து நிமிஷம். நடுவுல கதவைத் திறந்தீங்கன்னா மொதல்லேர்ந்து.”

ஸ்கேனர் ஒயரை ஜன்னல் இடுக்கில் விட்டு, அவள் வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். பெரியவர் பக்கத்து இருக்கையில் ஏற, சின்னவர் ஓட்டுநர் இருக்கையில் ஏறித் தன் சாவியைத் திருகினார். விளக்கு சிவந்தது.

அண்ணனின் மூச்சு இத்தனை பக்கத்தில் கேட்டு வெகுநாளாயிற்று. ஞாயிறை நினைத்தார். முதலில் பேசவும் கூடாது, பேசாமலும் முடியாது. டேஷ்போர்டைப் பார்த்துச் சொன்னார்: “ஏம்ப்பா கம்ப்யூட்டரு, நீ வேலைக்குப் புதுசு. வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம வீட்ல கல்யாணம்.”

பெரியவரும் டேஷ்போர்டிடமே பதில் சொன்னார்: “கம்ப்யூட்டரு, கல்யாணத்துக்கு மனுஷங்களைக் கூப்பிடுவாங்க. உன்னையெல்லாம் கூப்பிட்டா அந்த வீட்ல ஏதோ கோளாறு.”

“கூப்பிட்டா வர்ற மனுஷனா இருந்தா கூப்பிடலாம்.”

“அந்த வாஷ்பேசினுக்கு அஞ்சு சதவீதம் கழிச்சது சரின்னு ஒருத்தர் ஒத்துக்கிட்டா வரலாம்.”

“அஞ்சு முழுசாவா? கம்ப்யூட்டரு, நீயே சொல்லு. ரெண்டரை சரி. மீதி ரெண்டரை தப்பு.”

“நாலு சரி.”

“மூணு. நஷ்டத்துக்கு ஒத்துக்கறேன்.”

விளக்கு அணைந்தது.

“மாத்துங்கண்ணே!” என்று வெளியிலிருந்து கத்தினாள் டார்ச்சக்கா. “ஒண்ணு... ரெண்டு...”

சின்னவர் தன் சாவியை உருவிவிட்டுத் திரும்பினார். பெரியவர் மூன்றா நாலா என்ற யோசனையில் சாவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “அஞ்சு... ஆறு...” பதற்றத்தில் சின்னவர் வாய் உடைந்தது: “அண்ணே! சாவியப் போடுண்ணே!”

பெரியவரின் முகம் மலர்ந்தது. “என்ன சொன்ன?”

“சாவிண்ணே!”

“அதுக்கு முன்னாடி?”

“பத்து! போச்சு!” என்று டார்ச்சக்கா ஸ்டூலை உதைத்தாள். “நல்லா இருக்குண்ணே உங்க குடும்பம். மறுபடி மொதல்லேர்ந்து.”

சின்னவர் தன் சாவியைத் திருகியதும் விளக்கு மறுபடி சிவந்தது. தோற்றாகிவிட்டது, இனி இழக்க ஒன்றுமில்லை. சின்னவர் நேராகத் திரும்பினார். “அண்ணே, ஞாயித்துக்கிழமை வந்துடு. நீ இல்லாம அவ மேடை ஏற மாட்டேங்கறா. எனக்கும் உன்னை விட்டா யாரு இருக்கா? எட்டு மணிக்கு வந்தாப் போதும்.”

பெரியவர் கண்ணாடி வழியே வெளியே பார்த்தார்.

“அஞ்சு” என்றார்.

“என்ன அஞ்சு?”

“காலைல அஞ்சு மணிக்கு வருவேன்.”

“அவ்ளோ சீக்கிரம் எதுக்கு? ஏழரை.”

“அஞ்சரை.”

“ஏழு. சமையல்காரரே ஆறரைக்குத்தான் வருவாரு.”

“ஆறு. இதுக்கு மேல ஒரு நிமிஷம் தர மாட்டேன். இஷ்டமிருந்தா முடி.”

“ஆறே கால்னு முடிச்சுக்கலாம்ணே” என்றார் சின்னவர்.

இந்த முறை விளக்கு அணையும் முன்பே பெரியவர் சாவியை நீட்டிக்கொண்டிருந்தார்.

வேன் சீராக ஓடியது. டார்ச்சக்கா பில்லை வாசித்தாள். பெட்டி முப்பத்திரண்டாயிரம், ஆளுக்குப் பாதி. மாட்டிய கூலி இரண்டாயிரம், ஆளுக்குப் பாதி. சாவிப் பாடம் முதல் தடவை எண்ணூறு, ஆளுக்குப் பாதி. இரண்டாம் தடவைக்கு இன்னொரு எண்ணூறு. அதைக் கேட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு சின்னவர், “அது முழுக்க அண்ணன்தான். பூவாட்டம் சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தது யாரு?” என்றார்.

பெரியவர் மறுக்கவில்லை. “எழுதிக்கம்மா, என் பேர்ல. ஆனா இப்போ கிடையாது. ஞாயித்துக்கிழமை மண்டபத்துக்கு வந்து வாங்கிக்க. பொண்ணோட பெரியப்பா வாசல்லயே நிப்பேன்.”

டார்ச்சக்கா டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு எழுதினாள்: தம்பி, கணக்கு நேர். அண்ணன், எண்ணூறு பாக்கி.