டென்னிஸ் தளத்தில் நெத்திலி

இதனால் பிரெஞ்சிந்தியாவின் சகல ஜனங்களுக்கும், வங்காள விரிகுடாவுக்கும், அதில் வசிக்கும் மீன்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த பனைமேட்டுக்குப்பத்தில், மனித குலம் இத்தனை காலம் இது இல்லாமல் எப்படித்தான் உயிர் வாழ்ந்ததோ என்று வியக்கும்படியான கடற்கரை விளையாட்டு விடுதி ஒன்று திறக்கப்பட்டுவிட்டது.

1

கதை பிறந்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விடுதியின் திறப்பு விழா நினைவு மலருக்கு நாலு பக்கம் புகழ்ந்து எழுதித் தரும்படி அதன் சொந்தக்காரர் முசியே நாகராஜன் கேட்டார். கரும்பிலும் நெல்லிலும் எடுத்த பணத்தை விளையாட்டில் இறக்கியிருக்கும் பெருமகன். சரி என்றேன். இப்படித் தொடங்கினேன்:

'நீலக்கடல் தன் அலைக்கரங்களால் விடுதியைத் தாலாட்ட, தென்றல் வந்து...'

(விட்டுவிட்டேன். அந்தக் கடலை எனக்குத் தெரியும். அது யாரையும் தாலாட்டாது.)

இன்னொரு தொடக்கம்: 'குளிக்க வருவோர் உடை மாற்ற மூங்கில் அறைகள், சாய்வு நாற்காலிகள், மீன் பிடிக்காத படகு ஒன்று, எல்லாவற்றுக்கும் சிகரமாக ஒரு டென்னிஸ் தளம். அதன் கீழே...'

அதன் கீழே என்ன என்று எழுதப் போனதும் கை நின்றுவிட்டது. அதன் கீழே அமிர்தத்தின் மேடு இருக்கிறது. மலர் ஒழிந்தது. கதை வந்தது.

2

அமிர்தம் குப்பத்துக்காரி.* அவள் புருஷன் ராமு பிடித்து வரும் நெத்திலியைக் காயவைத்து, வில்லியனூர்ச் சந்தையில் விற்பவள். குப்பத்தில் கெட்டி மண் உள்ள இடம் அந்த மேடு ஒன்றுதான். மற்றதெல்லாம் பொதபொத மணல். அதில் பரப்பினால் மீனோடு மணலும் சேர்ந்து காயும். சந்தையில் வாங்க வருகிறவள் தொட்டுப் பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டே போவாள். மேடு யார் பேரிலும் இல்லை. யார் பேரிலும் இல்லாத காரணத்தால் அது நாகராஜன் பேருக்கு வந்தது.

ஏரியிலிருந்து வண்டி வண்டியாகக் களிமண் வந்து கொட்டியது. கல்லுருளை இழுத்தார்கள். மேலே சாணி மெழுக, மேஸ்திரி ஆரோக்கியம் குப்பத்துப் பெண்களைக் கூப்பிட்டான்.

"மெழுவறோம். அப்புறம் எங்க மீனு எங்க காயும்?" என்றாள் அமிர்தம்.

குடை நிழலில் உட்கார்ந்திருந்த நாகராஜனே பதில் சொன்னார். "ஆட்டம் சாயங்காலந்தான். பகல்ல வெயிலு சும்மாதானே கெடக்குது? நல்லா மெழுவுங்க. பகல்ல காய வெச்சிக்கங்க."

"சாமி சத்தியமா?"

"அட, நான் சொல்றேன் இல்ல?"

அந்தச் சொல்லை நம்பி மெழுகினார்கள். தன் வீட்டு வாசலைக்கூட அமிர்தம் அப்படி மெழுகியதில்லை. நடுவில் வலை கட்டியபோது அடுத்த வீட்டுக் காசம்மாள் அதன் கண்ணுக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

"இன்னாடி இது, இம்மாம் பெரிய கண்ணு? இதுல எந்த மீனுடி மாட்டும்?"

"தொரைங்க மாட்டுவாங்கடி. கம்முனு மெழுவு."

மெழுகல் காய்ந்ததும் ஒரு பலகை நட்டார்கள். மேலே பிரெஞ்சு, கீழே தமிழ்: 'காலணி அணியாதவர் தளத்தில் ஏறக் கூடாது.' வெறுங்காலாலேயே மிதித்துச் செய்த தளம் அது. ஊரில் சுவருக்குச் சுவர் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று எழுதிய பெயிண்டர்தான் இதையும் எழுதினான். இரண்டிலும் எழுத்து அழகாகவே இருக்கிறது.

* கதையைப் பார்த்த மலர் தொகுப்பவர், "அவளை விதவையாக்கிவிடுங்களேன், வாசகர் கண் கலங்கும்" என்றார். ராமு உயிரோடு இருக்கிறான். அவர் கண் கலங்குவதற்காக ஒருத்தனை நடுக்கடலில் கொல்ல எனக்கு மனம் வரவில்லை.

3

திறப்பு விழாவன்று காலை ராமுவின் கட்டுமரம் அமிழ்ந்துவிடும்போல வந்து கரை ஏறியது. கூடை கூடையாக நெத்திலி.

"இம்மாத்தையும் எங்கடி போடுவ?" என்றாள் காசம்மாள். "பலகைய பாத்த இல்ல?"

"எனுக்குப் படிக்கத் தெரியாது. மெழுவத்தான் தெரியும்."

பலகையைத் தாண்டி ஏறினாள். இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோடு வரை, வலைக்கு அப்பாலும் இப்பாலும் பரப்பினாள். தளம் முழுக்க வெள்ளி கொட்டிய மாதிரி... (உவமை எதற்கு? மீன். தளம் முழுக்க மீன்.)

பட்டணத்திலிருந்து மோட்டார்கள் முன்னதாகவே வந்துவிட்டன. இறங்கியவர்களின் கைக்குட்டைகள் மூக்குக்குப் போயின. நாகராஜன் ஓடி வந்தார்.

"இன்னாடி இது அக்கிரமம்?"

"நீங்கதான சொன்னீங்க, பகல்ல காய வெச்சிக்கன்னு? இன்னும் பொழுது சாயலயே."

"எடுடி எல்லாத்தையும்!"

"பாதி காச்சல்ல எடுத்தா அழுவிப் பூடும் சாமி. செத்த பொறுங்க. பொழுது சாயட்டும், நானே வாரிக்கறேன்."

4

இந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் நடந்தேன். முடிவுகள் தேடி.

முதல் முடிவு: தலைமை விருந்தாளி ஒரு நெத்திலியைக் கையில் எடுத்து, ஏழையின் உழைப்பை எண்ணி உருகி, மேட்டைக் குப்பத்துக்கே திருப்பிக் கொடுக்கிறார். எழுதியதும் எனக்கே குமட்டியது. கிழித்தாயிற்று.

இரண்டாவது: பெண்கள் கை கையாக மீனை அள்ளித் துரைகளின் தொப்பிகள் மேல் வீசுகிறார்கள். இதை ஒரு பக்கம் ஆசை தீர எழுதினேன். அமிர்தம்தான் ஒத்துழைக்கவில்லை. "மீன எதுக்குயா வீசணும்? உங்க அப்பன் வூட்டு மீனா?" என்றாள். சரிதான். அது சாப்பாடு.

ஆகவே நடந்ததைச் சொல்கிறேன். நாகராஜன் ஆரோக்கியத்தைப் பார்த்து, "உருளைய இழு" என்றார்.

"முசியே, மீனு..."

"இழுடான்றேன்!"

இழுத்தான். ஈரச் சுள்ளியை மிதிக்கிற மாதிரி சத்தம் கேட்டது. அந்தக் கோட்டிலிருந்து இந்தக் கோடு வரை, வலைக்கு அப்பாலும் இப்பாலும். அமிர்தம் உருளைக்கு முன்னால் குனிந்து இரண்டு கையாலும் வாரி மடியில் போட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தாள். உருளை அவள் கையைவிட வேகமாக வந்தது. பிறகு பெருக்கித் தள்ளி, பன்னீர் தெளித்து, ஆடினார்கள்.

தலைமை விருந்தாளி அந்த மீன் நெய்யில் வழுக்கி விழுந்திருப்பார் என்றுதானே காத்திருக்கிறீர்கள்? நானும் காத்திருந்தேன். விழவில்லை. அப்படிப்பட்டவர்கள் விழுவதில்லை, அவர்கள் கால் வைக்கிற இடத்தை யாராவது முன்கூட்டியே உருட்டி வைத்துவிடுகிறார்கள். எல்லாரும் கை தட்டினார்கள்.

5

முடிவை உங்களிடமே தந்துவிடுகிறேன். ஐப்பசிப் புயல் வந்து விடுதியைச் சுருட்டிக்கொண்டு போயிற்று என்று வைத்துக்கொள்ள ஆசையா? வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் புயல் விடுதியோடு குப்பத்தையும் சேர்த்துத்தான் எடுக்கும். குப்பம் திரண்டு பலகையைப் பிடுங்கி அடுப்பில் வைத்தது என்று எழுத வேண்டுமா? கீழே இடம் விட்டிருக்கிறேன். எழுதுங்கள். உங்களுக்கு வருகிற கோபம் அதற்குப் போதுமா என்று

(வாக்கியத்தை முடிக்கவில்லை.)

மறுநாள் தளம் முழுக்க நெய்க் கறை. மறுபடி மெழுக ஆள் கூப்பிட்டார்கள். அமிர்தம் போனாள்.