எலும்பு டப்பா

வயிற்றில் பிள்ளை இருக்கிற பெண் என்ன சாப்பிட வேண்டும் என்று தெரியாத ஆள் உலகத்திலேயே ஒருத்திதான். அது அந்தப் பெண்ணேதான். மற்ற எல்லோருக்கும் தெரியும். மாடி வீட்டு அத்தைக்குத் தெரியும், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குத் தெரியும். செருப்புத் தைக்கிற கடையில்கூட, "பாதாம் ஊறப்போட்டுச் சாப்பிடுறீங்களா?" என்று விசாரித்துவிட்டுத்தான் செருப்பையே கையில் வாங்கினார்கள். அவள் எல்லோருக்கும் தலையாட்டினாள். வாய்க்குள்தான் எதுவும் போகவில்லை.

மசக்கை மூன்றாம் மாதத்தோடு மூட்டை கட்டிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். ஐந்தாம் மாதம் முடிந்தும் அது சட்டமாக உட்கார்ந்திருந்தது. பேரீச்சம்பழ வாசனை வந்தால் குமட்டியது. பால் காய்ந்தால் வீட்டை விட்டு ஓடத் தோன்றியது. டாக்டரம்மா அவளை எடை மேடையில் ஏற்றி, இறக்கி, நம்பாமல் மறுபடியும் ஏற்றிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எடை ஏறவே இல்லையேம்மா. குழந்தையும் இருக்க வேண்டிய அளவுக்குக் கொஞ்சம் சின்னதாத்தான் இருக்கு. இப்பப் பயப்பட ஒண்ணுமில்ல, ஆனா இப்படியே விட முடியாது. மூணு வேளைச் சாப்பாட்டை மட்டும் நம்பாத. நடுநடுவுல சத்தானதா ஏதாவது கொறிச்சுக்கிட்டே இரு. கடலை, பருப்பு, பழம், காய், எது இறங்குதோ அது. அடுத்த மாசமும் இதே கதைன்னா ஆஸ்பத்திரியில சேர்த்துடுவேன். வேலையெல்லாம் அப்புறம்தான்."

அவள் வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். வேலை போகிறது என்றல்ல. தன்னை நம்பி உள்ளே இருக்கிற ஒன்றைப் பட்டினி போடுகிறோமே என்றுதான். கணவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கைப்பையைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டான். "இதை நான் பாத்துக்கறேன்," என்றான்.

அவன் வேலை பார்ப்பது கான்கிரீட் பரிசோதனைக்கூடத்தில். எங்கே கட்டடம் எழும்பினாலும் அதன் கலவையில் ஒரு கட்டி அவன் மேசைக்கு வரும். அதை இயந்திரத்தில் வைத்து நசுக்கி, எவ்வளவு தாங்குகிறது என்று பார்த்துச் சொல்வான். உதிர்கிற எதையும் அவனுக்குப் பிடிக்காது. பிஸ்கட்டைக்கூடச் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பான். அப்படிப்பட்டவன் அன்று சாயங்காலமே சமையலறையில் புகுந்தான். ஓட்ஸ், பாதாம், பூசணி விதை, பேரீச்சம்பழம், முட்டை வெள்ளைக்கரு எல்லாவற்றையும் போட்டுப் பிசைந்து, தட்டில் கொட்டி, கரண்டியின் முதுகால் குத்திக் குத்தி இறுக்கினான். ஓவனில் ஒரு முறைக்கு இரண்டு முறை சுட்டான். சர்க்கரை கிடையாது, எண்ணெய் கிடையாது. பெயரும் அவனே வைத்தான், சத்துக்கட்டி என்று.

"பாரு," என்று ஒன்றை எடுத்துத் தரையில் போட்டான். ணங்கென்றது. "ஒரு பொட்டு உதிரல."

அவள் இன்னொன்றை எடுத்துக் கடித்தாள். கடிக்கப் பார்த்தாள் என்று சொல்வதுதான் நியாயம். பல் வழுக்கிக்கொண்டு போனது, பேரீச்சம்பழ வாசனை மூக்கில் ஏறியது. எதிரே அவன், சூடு பட்டுச் சிவந்த விரலை ஊதிக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்தபடி நின்றான்.

"நல்லா இருக்கு," என்றாள்.

அந்த ஒரு வார்த்தை போதாதா. மறுநாள் முதல் தினமும் வேலைக்குக் கிளம்பும்போது டப்பா நிறையச் சத்துக்கட்டி கைக்கு வந்தது. அவளும் வாங்கிக்கொண்டு போனாள்.

அவளுக்குச் சினிமாவில் வேலை. திரையில் முகம் வராது, சத்தம் மட்டும் வரும். கதாநாயகன் படியிறங்கும்போது கேட்கிற காலடி அவனுடையதல்ல, அவளுடையது. குளிர்பதன அறையில், திரையைப் பார்த்துக்கொண்டே மைக்குக்கு முன்னால் எதையாவது தட்டுவாள், உரசுவாள், உடைப்பாள். தோல் கையுறையை உதறினால் பறவை சிறகடிக்கும். தகரத் தட்டில் வறுத்த கடலையைக் கொட்டினால் மழை பெய்யும். தோலோடு நிலக்கடலையை மிதித்தால் சருகுக் காட்டில் ஆள் நடப்பான். கேரட்டை முறித்தால் எலும்பு முறியும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இதையெல்லாம் பதிவு செய்கிறவரை எல்லோரும் காதண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்துக் கட்டடத்தில் குழாய் சொட்டினாலும் கண்டுபிடிக்கிற மனிதர். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், பார்த்த பெண் வீட்டிலெல்லாம் மின்விசிறி கிறீச்சிட்டது என்பார். அவர் வாயில் அடிக்கடி வருகிற வார்த்தை, "இன்னொரு டேக்."

அப்போது கையில் இருந்தது ஒரு சண்டைப் படம். கதாநாயகன் வாயைத் திறப்பதைவிட அடுத்தவன் எலும்பை முறிப்பதே அதிகம். அவள் சத்துக்கட்டி டப்பாவைச் சங்கிலிகளும் பழைய பூட்டுகளும் ஒற்றைச் செருப்புகளும் கிடக்கிற அலமாரிக்குள் தள்ளிவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கழுவி வைத்திருந்த கேரட் ஒன்றை முறித்தாள். மடக்கென்றது. அந்தச் சத்தம் காதுக்குள் பெரிதாக இறங்கியதும் வாயில் எச்சில் ஊறியது. அப்படி ஊறி மாதக்கணக்காகிவிட்டது. கையிலிருந்த பாதிக் கேரட்டைப் பார்த்தாள். மூக்கு இதில் தலையிடுவதற்குள் கடித்துவிட்டாள்.

"யாரு அது மெல்லுறது?" என்றது ஸ்பீக்கர்.

"நான்தாண்ணா. பசிக்குது."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. அவளுக்கு எதுவும் இறங்காத கதை காதண்ணனுக்கும் தெரியும்.

"மெல்லும்மா. நிதானமா மெல்லு. எலும்பு எங்கயும் ஓடிப் போகாது," என்றார்.

அன்று முதல் அவள் காதால் சாப்பிடத் தொடங்கினாள். நல்ல சத்தம் தருகிற எதுவும் இறங்கியது. வெள்ளரி இறங்கியது, ஆப்பிள் இறங்கியது, வறுத்த கடலையும் நிலக்கடலையும் பிடி பிடியாக இறங்கின. காதண்ணன் மைக்கைத் திறந்து வைத்துத் தீர்ப்புச் சொன்னார். "இந்தக் கடலை நமுத்துப் போச்சு, வேற பொட்டலம் பிரி." "ஆப்பிள் மாவாயிடுச்சு, சத்தமே வரல பாரு, கீழ வை." படத்துக்கு ஒரு பங்கு, அவளுக்குக் கழுவித் தனியாக ஒரு பங்கு என்று அவரே வாங்கி வந்தார். இப்படிப் பசி ஒரு முறை வழி கண்டுகொண்டதும் வீட்டுச் சாப்பாடும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. ஆனால் படத்தின் பங்கு எது, தன் பங்கு எது என்கிற எல்லைக்கோடு மட்டும் நாளாக நாளாக அழிந்துகொண்டே வந்தது. முதலில் காட்டைத் தின்றாள். பிறகு மழையைத் தின்றாள். கடைசியில் ஒரு மத்தியானம் எலும்பையும் மிச்சம் வைக்கவில்லை.

இயக்குநர் அன்றைக்குப் பார்த்தா வர வேண்டும். கடைசிச் சண்டையை இப்போதே கேட்க வேண்டும் என்று காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்.

"எலும்பு எங்கம்மா?" என்றார் காதண்ணன்.

அவள் பதில் சொல்லவில்லை. வாயில் இருந்தது.

கடைக்கு ஓடவும் நேரமில்லை. அலமாரியைத் திறந்தவள் கண்ணில் டப்பா பட்டது. ஒரு சத்துக்கட்டியை மேசை விளிம்பில் பாதி வெளியே நீட்டி வைத்து, திரையில் வில்லனின் கால் மடங்குகிற நேரம் பார்த்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டாள். இயக்குநர் தன் தொடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"என்னம்மா அது?"

"வீட்டுத் தயாரிப்பு சார்."

"இந்தப் படத்துல இனிமே எல்லா எலும்பும் அதுதான்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். காதண்ணன் இன்னொரு டேக் கேட்கவே இல்லை. டப்பாவின் மூடியில் ஒரு காகிதத்தை ஒட்டிக் கொட்டை எழுத்தில் 'எலும்பு' என்று எழுதினார்.

"தீர்ந்துடுச்சு, இன்னும் வேணும்," என்று அவள் வீட்டில் சொன்னபோது கணவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"எல்லாமேவா?"

"எல்லாமே. நாளைக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் கெட்டியா இருந்தாத் தேவலை." மறுநாள் மண்டையோடு உடைகிற காட்சி.

"இதைவிடக் கெட்டியாவா? பல்லு தாங்குமா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது."

அவன் பரிசோதனைக்கூடம் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டான். மாடி அத்தைக்கு ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தான். அத்தை அதற்குப் பிறகு சில நாள் தாடையில் கை வைத்துக்கொண்டே படியிறங்கினார். அவன் சந்தோஷப்படச் சந்தோஷப்பட இவளுக்கு உள்ளே உறுத்தியது. இன்று சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பாள். அவன் மாவுக்கையோடு திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். வாயெடுத்தது அப்படியே உள்ளே போய்விடும்.

மறுபடி டாக்டரைப் பார்க்க வேண்டிய நாளும் வந்தது. அவளைக் கூட்டிப்போக ஸ்டுடியோ வாசலில் காத்திருப்பதாகச் சொன்ன கணவன் சீக்கிரமே வந்து, யாரோ வழிகாட்ட நேரே உள்ளே நுழைந்துவிட்டான். அப்போது அவள் ஒரு கையில் கடித்த கேரட்டும் மறு கையில் சுத்தியலுமாக, அவன் விடிகாலையில் சுட்டெடுத்த கட்டியை விலா எலும்பாக உடைத்துக்கொண்டிருந்தாள். அவன் உடைந்த துண்டுகளைப் பார்த்தான். டப்பா மூடியைப் படித்தான். அவள் புடைத்த கன்னத்தைப் பார்த்தான்.

"ஒண்ணுகூடச் சாப்பிடலையா?"

"முடியலங்க. அந்த வாசனை ஆகவே மாட்டேங்குது." விழுங்கிவிட்டுச் சொன்னாள். "கைய சுட்டுக்கிட்டுச் செஞ்சு குடுத்தீங்க. எந்த வாயால வேண்டாம்னு சொல்றது?"

"நல்லா இருக்குன்னு சொன்னியே."

அழுகை வந்தது. காதண்ணன் எழுந்து வந்து, அவன் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து, ஹெட்போனை அவன் தலையில் மாட்டினார்.

"மாப்பிள்ளை, கோபத்தை அப்புறம் வச்சுக்கலாம். முதல்ல இதைக் கேளுங்க."

கடைசிச் சண்டை ஓடியது. வில்லனின் தொடை முறிந்தபோது அவனுக்கு ஒரு தரம் தூக்கிவாரிப் போட்டது. உடைகிற சத்தத்தைக் கேட்டே கலவையின் தரம் சொல்கிற ஆள் அவன். இந்த விஷயத்தில் அவனால் பொய் சொல்ல முடியாது.

"நல்ல உடைசல்," என்றான், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டே. பிறகு ஹெட்போனைக் கழற்றி, அவள் தட்டில் மிச்சமிருந்த கேரட்டையும் கடலையையும் பார்த்தான். "இது இறங்குதா?"

"இறங்குது."

"அப்ப சரி. கிளம்பு."

வழி நெடுக அவன் முகம் வெளியேதான் திரும்பியிருந்தது. அவள் கைப்பை மட்டும் அவன் மடியில் இருந்தது.

டாக்டரம்மா அவளை எடை மேடையில் ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். இந்த முறை கண்ணாடியைக் கழற்றவில்லை. "பரவாயில்லையே, நல்லா ஏறியிருக்கு," என்றார். பிறகு அவன் பக்கம் திரும்பினார். "போன்ல ஏதோ சத்துக்கட்டி செஞ்சு குடுக்கறேன்னு சொன்னீங்கல்ல. அதுதானா?"

அவள் தரையைப் பார்த்தாள். ஆமாம் என்று அவன் சொன்னால் அவளும் ஆமாம் என்றே சொல்லிவிடத் தயாராக இருந்தாள்.

"இல்ல டாக்டர்," என்றான். "என்னுது ஒண்ணும் உள்ள போகல. கேரட், கடலை, ஆப்பிள். இவளே தேடிக் கண்டுபிடிச்சா. சத்தம் வந்தாத்தான் இவளுக்கு இறங்கும்."

டாக்டரம்மாவுக்கு அது பிடிபடவில்லை. "எதுவா இருந்தா என்ன, நல்லாக் கழுவிச் சாப்பிட்டாச் சரி," என்று அவளைப் படுக்கச் சொல்லி, வயிற்றில் கருவியை வைத்தார். முதலில் வெறும் இரைச்சல். அதற்குள்ளிருந்து திடுதிடுவென்று ஓர் இதயம் ஓடி வந்தது. படங்களுக்காக அவள் எத்தனையோ இதயங்களைத் துடிக்க வைத்திருக்கிறாள். துணி மூட்டையைத் தட்டியிருக்கிறாள், தோள்பையைக் குத்தியிருக்கிறாள். இந்தச் சத்தத்தை எதை வைத்தும் செய்ய முடியாது. டாக்டரம்மா கருவியை எடுத்ததும் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு டேக் போகலாமா டாக்டர்?"

கணவன் முதலில் சிரித்தான். பிறகு, சிரிப்புக்கு நடுவிலேயே, கண்ணைத் துடைத்துக்கொண்டான். டாக்டரம்மா எதுவும் கேட்காமல் கருவியை மறுபடி வைத்தார்.

திரும்பும் வழியில் அவன் காய்கறிக் கடையில் நின்றான். ஒரு கேரட்டை எடுத்து, அவள் காதருகே கொண்டுபோய் முறித்தான். கடைக்காரர் முறைத்தார். சத்தம் பிடிக்காமல் அடுத்ததை எடுத்து முறித்தான்.

"எப்படி?"

"நல்லா இருக்கு."

அவன் அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். "இப்பவாவது நிஜமா?"

அவள் பதிலுக்கு ஒரு கேரட்டை அங்கேயே குழாயில் கழுவிக் கடித்தாள். சத்தம் தராசுவரை கேட்டது. கடிக்கக் கடிக்கத் துணுக்குகள் அவள் புடவையில் விழுந்தன.

"உதிருதே," என்றான் அவன், பழக்க தோஷத்தில்.

"உதிரட்டும்."

அவன் புடவையைத் தட்டிவிட்டு, பை நிறையப் போடச் சொன்னான்.