கீழ்க்குரல்காரி

வாயை மட்டும் அசைத்தால் போதுமாம். சத்தம் வெளியே வரக் கூடாதாம். நாகலெட்சுமியைப் பற்றித் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர் சுதாகரன் இப்படிச் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து கேத்ரினுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. நாள் முழுக்க மலையில் தேயிலைக் கொழுந்தெடுத்துவிட்டு வந்து பாடுகிறவள், மேடையில் ஏறிப் பொம்மை மாதிரி வாயசைக்க வேண்டுமாம். கேட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

கேத்ரின் வட்டகொடைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்ப்பவள். கொழுந்துக்குப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகிற குழந்தைகளோடு பகலெல்லாம் மாரடிப்பாள். ஞாயிற்றுக்கிழமையானால் சேர்ச்சில் கீபோட் வாசிப்பாள். மாதர் தினத்துக்குத் தலவாக்கலை மண்டபத்தில் பாட ஆள் வேண்டுமென்று சுதாகரன் கேட்டபோது, கொழுந்தெடுக்கிற நாகலெட்சுமி, சுலக்ஷனா, நிஷாந்தி மூவரையும் அவள்தான் சேர்த்தாள். எல்லாரும் ஒரே மெட்டைக் கத்தாமல், ஆளுக்கொரு குரலாகப் பிரித்துப் பாடவைக்க வேண்டுமென்று அவளுக்கு ரொம்ப நாள் ஆசை.

அந்திக்குக் கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்த பிறகு காம்பராவில் கூடினார்கள். கேத்ரின் கீபோடில் ஒரு வெள்ளைக் கட்டையை அழுத்தினாள். அடுத்ததை விட்டு அதற்கடுத்தது; இன்னொன்றை விட்டு மூன்றாவது. ச, க, ப. மூன்றும் சேர்ந்து ஒலித்தால் அதற்குப் பெயர்தான் கார்ட் என்றாள். தனித்தனியாகக் கேட்டபோது ஒன்றுமேயில்லை. சேர்ந்ததும் காம்பரா நிறைந்துவிட்டது. நடுவிலுள்ளதை மட்டும் பக்கத்துக் கறுப்புக் கட்டைக்கு இறக்கியவுடன் அதே கார்ட் அழுமூஞ்சியாகிவிட்டது. இது சாவு வீட்டுக்குத்தான் ஆகும் என்று சுலக்ஷனா சிரித்தாள். மெட்டைப் பிடிக்கிற மேல்குரல் நிஷாந்திக்கு, நடுக்குரல் சுலக்ஷனாவுக்கு, அடியில் கிடக்கிற குரல் நாகலெட்சுமிக்கு என்று முடிவானது.

நாகலெட்சுமிக்கு ஆம்பளைக் குரல் என்று லயத்து வீடுகளில் கேலி பேசுவார்கள். பள்ளிக்கூடத்தில் கீதம் பாடும்போது டீச்சர் அவளை ஓரமாக நிறுத்துவாராம். இந்தக் குரல் இல்லாவிட்டால் மற்ற இரண்டுக்கும் நிற்க இடமே இல்லை என்று முதன்முதலில் சொன்னவள் கேத்ரின்தான். அன்றைக்கு நாகலெட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் மூன்று குரலும் நாலு வரிக்கு மேல் தாங்கவில்லை. மலையில் ஒருத்தி தன் நிரையில் பிந்திவிட்டால், பக்கத்து நிரைக்காரி எட்டி அவள் செடியிலும் நாலு கொழுந்து கிள்ளிக் கொடுத்துக் கூடவே இழுத்துக்கொண்டு போவாள். அந்தப் பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது. நாகலெட்சுமி கீழே தனியாகக் கிடக்கிறாளே, பாவம் என்று மற்ற இருவரும் ஒவ்வொருவராக இறங்கி அவள் சுரத்துக்கே வந்து சேர்ந்தார்கள். கேத்ரின் தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஒதவி பண்றேன்னு நீங்க அவ எடத்துக்குப் போயிட்டா, ஒங்க எடத்துல யாரு பாடுறது? அவள அவ நெரையில விடுங்க.”

மூன்று கிழமை போராடிய பிறகு ஒரு நாள் மூன்று குரலும் கடைசி வரி வரை அதனதன் இடத்தில் நின்றன. அடுத்த நாள் கேட்க வந்த சுதாகரன்தான், அந்த அக்கா மெட்டை விட்டு வேறெதையோ பாடுகிறார், பாட்டே கெடுகிறது, மேடையில் வாயை மட்டும் அசைக்கட்டும் என்று தீர்ப்புச் சொன்னார். கேத்ரின் மூன்று கட்டையையும் அழுத்தி, பிறகு அடிக்கட்டையிலிருந்து மட்டும் விரலை எடுத்துக் காட்டினாள். அவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டதாம். இந்தக் காதுக்கு அதிகாரம் ஒரு கேடா என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டு, அவள் பாடாவிட்டால் நாங்கள் யாருமே பாடமாட்டோம் என்றாள் கேத்ரின். பார்ப்போம் என்று போய்விட்டார்.

நாகலெட்சுமி அன்றைக்கே பின்வாங்கினாள். “அவரு என்ன புதுசாவா சொல்லிட்டாரு? எல்லாரும் சொன்னதுதானே, கேத்ரின்.” கேத்ரினுக்கு அவள் மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விழா அன்று கையைப் பிடித்து இழுத்துத்தான் பஸ்ஸில் ஏற்றினாள்.

மேடையில் இரண்டே மைக். நிஷாந்திக்கு ஒன்று, சுலக்ஷனாவுக்கு ஒன்று. மூன்றாவது பழுதாம்; சற்று முன் சுதாகரன் பேசும்போது அது நன்றாகத்தான் வேலை செய்தது. பாருங்கள் அநியாயத்தை! நாகலெட்சுமியின் முகம் செத்துப்போயிற்று. பாட்டு ஆரம்பமானது. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. முதல் வரி முடிவதற்குள் நிஷாந்தி கையிலிருந்த மைக்கைத் தரையில் வைத்தாள். சுலக்ஷனாவும் வைத்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேத்ரின் கீபோட் சத்தத்தைக் குறைத்தாள். என்னவோ ஏதோவென்று மண்டபம் பேச்சை நிறுத்தியது. மூன்று வெறுங்குரலும் ஒன்றாக எழும்பின. அடியில் நாகலெட்சுமி அசையாமல் பாடினாள். கடைசி வரிசை வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

கைதட்டல் ஓய்ந்ததும் சுதாகரன் வந்து ஒரு மைக்கை எடுத்து, தன் ஏற்பாட்டில் நடந்த இந்த அருமையான நிகழ்ச்சியை வழங்கியவர்கள் என்று தாளைப் பார்த்துப் படித்தார். கேத்ரின். நிஷாந்தி. சுலக்ஷனா. நன்றி. தாளில் அவ்வளவுதான் இருந்தது.

கேத்ரின் பாய்ந்து எழுந்தாள். அதற்குள் நாகலெட்சுமி அவர் முன்னால் போய் நின்று கையை நீட்டிவிட்டாள். அத்தனை சனத்துக்கு முன்னால் மைக்கைக் கொடுக்காமலிருக்க அவரால் முடியவில்லை.

“எம் பேரு நாகலெட்சுமி,” என்றாள், பாடிய அதே குரலில். “தாள்ல எழுதிக்கிட்டு, மொதல்லருந்து படிங்க சார்.”