சமையலறை போன்

கோகிலாவின் வீட்டுக் கம்ப்யூட்டர் மற்ற நாளெல்லாம் சமர்த்தாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், துபாயிலிருந்து அண்ணன் ரமேஷ்குமார் அரட்டைக்கு வரும் நேரம் பார்த்துத்தான் அதற்குப் பேய் பிடிக்கும். போன் லைனில் வரும் இன்டர்நெட் பொசுக்கென்று அறுந்துவிடும்.

அது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். மலைமேல் சோளக்காடு என்ற ஊருக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் இருந்த ஒரே வீடு அவர்களுடையது. லீவில் வந்த அண்ணன் சேலத்தில் வாங்கி, கொண்டை ஊசி வளைவெல்லாம் மானிட்டரை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டே பஸ்ஸில் வந்தான். போன் மணியடித்ததும் அம்மா சென்னம்மாள் ஓடிவர வேண்டாமே என்று, அதே லைனில் சமையலறைக்கும் ஒரு போன் இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

மழை பெய்தாலே லைன் செத்துப்போகும் ஊர். அதனால் போனுக்கு உயிர் இருக்கிறதா என்று எடுத்துப் பார்ப்பது அம்மாவுக்குப் பழக்கமாகிவிட்டது. அடுப்பை ஊதுவாள், ரிசீவரைக் காதில் வைப்பாள், மறுபடி அடுப்பை ஊதுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அடித்த முதல் வரியைக் கோகிலா இரண்டு தடவை படித்தாள். கம்பெனியில் இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், காலையில் பதில் சொல்லியாக வேண்டும். "போடவா, வந்துடவா? அம்மாவைக் கேட்டுச் சொல்லு."

'வந்துடு' என்று அவளே அடிக்கப் போனாள். அறுந்துவிட்டது. மறுபடி மோடம் கீச்சிட்டுப் பிடித்தது. "கோகி, இருக்கியா?" என்றான். மறுபடி அறுந்தது. ஒயரைப் பிடுங்கி, முந்தானையால் துடைத்துச் செருகினாள். வெளியே ஓடி, சவுக்கு மரத்தில் கட்டியிருந்த லைனை மிளகுக்கொடி இழுத்துவிட்டதா என்று அண்ணாந்து பார்த்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

பின்வாசல் வழியாக உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அம்மா ரிசீவரைக் காதோடு அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றே?"

"சத்தம் போடாத கண்ணு. உள்ள காத்தடிக்கிற மாதிரி கேக்குது. உங்கண்ணன் இதுக்குள்ளதான பேசறான்? ஒரு வார்த்தையாச்சும் காதுல உழுவுமான்னு பாக்கறேன்."

"வாரா வாரம் இப்படித்தான் எடுத்தியா?"

"ஆமா. காட்டுக்குப் போவாத நாளு அது ஒண்ணுதான?"

நன்றாகத் திட்டத்தான் வாயைத் திறந்தாள் கோகிலா. ஆனால் "நீ எடுத்தா லைன் அறுந்துரும்மா" என்று மட்டும் சொன்னாள்.

அம்மா வெடுக்கென்று ரிசீவரை வைத்தாள். "அட சாமி, எம்புள்ளய நானேவா அறுத்து உட்டேன்?" ஆனால் கையை மட்டும் அதன் மேலிருந்து எடுக்கவில்லை.

அப்போது மணி அடித்தது. முதல் மணி முடிவதற்குள் அம்மா எடுத்துவிட்டாள். வீட்டில் யாருக்கு என்னவோ என்று பயந்து, அண்ணன் தெருமுனை பூத்துக்கு ஓடியிருந்தான்.

"அம்மா, ஏன் கட்டாயிட்டே இருக்குது? எல்லாரும் நல்லாத்தான இருக்கீங்க?"

"நீ ஊட்டுக்கு வந்துரு சாமி" என்றாள் அம்மா. அவன் கேட்க நினைத்த கேள்வி அவளுக்குத் தெரியவே தெரியாது.

அந்த வருஷ மிளகுப் பறிப்புக்கு அண்ணன் வந்தான். பிறகு போகவே இல்லை.

அம்மா இறந்து நாளாகிவிட்டது. மலையில் டவரெல்லாம் வந்துவிட்டது. இப்போதும் அண்ணனோடு செல்போனில் பேசும்போது லைன் அறுந்தால், அவன் திரும்பக் கூப்பிட்டு, "அம்மா எடுத்துட்டாங்க போல" என்று சிரிப்பான். கோகிலாவும் சிரிப்பாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் உடனே பேசாமல், அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருப்பாள்.