அக்கா ஆடிப்போகும் தெரு

ஞாயிற்றுக்கிழமை வாத்திய ஊர்வலம் கிளம்பி முக்கால் மணி நேரம் ஆகியும் ராய்ஸ் தன் அக்கா லியோனாவிடம் நாலு வார்த்தை முழுதாகப் பேசியபாடில்லை. அவள், ஊர்வலத்தைச் சுற்றிப் பிடித்த கயிற்றுக்கு அந்தப் பக்கம், தன் ஆட்டச் சங்கத்துப் பெண்களோடு, மஞ்சள் உடுப்பில், இறகு விசிறியை வீசி வீசி ஆடிக்கொண்டு போனாள். ஐம்பத்தாறு வயது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அவளைவிட நாலு வயது இளையவன் இந்தப் பக்கம், மர வேர்கள் பெயர்த்துப் போட்ட நடைபாதையில், இடறி இடறி மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்தான். மாலை ஆறு மணிக்கு அவனுக்கு விமானம்.

நியூ ஆர்லியன்ஸைச் சுற்றிப் பார்க்க வந்ததாகத்தான் அக்காவிடம் சொல்லியிருந்தான். வெள்ளிக்கிழமை அவள் உணவகத்தில் இறால் உரிக்க உட்கார்ந்துவிட்டாள். சனிக்கிழமை உடுப்புக்குக் கடைசித் தையல் என்று பத்துப் பெண்கள் வீட்டை நிறைத்துவிட்டார்கள். "நீ போயி ஊரப் பாருடா, இங்க நின்னு என் மூஞ்சிய என்ன பாக்கற?" என்று துரத்தினாள். அவனும் பார்த்தான். ஆற்றங்கரைக்குப் போனான், அங்கே உட்கார முடியாமல் சந்தைக்குப் போனான், அங்கிருந்து எங்கோ கேட்ட மேளத்தின் பின்னால் போனான். அவன் ஊரான கான்சாஸில் அரை மணி நேரத்துக்கு முன்பே வண்டி வருவது தெரிந்துவிடும். கோதுமை வயலுக்கு மேலே புழுதி எழும். இங்கே தெருமுனைக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை, ஆனால் எல்லாம் கேட்டது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் "எப்படி இருக்க கண்ணு?" என்று கேட்டார்கள். கேட்டுவிட்டுப் போகவும் மாட்டார்கள், பதிலுக்காக நின்றார்கள். அவன் தலையாட்டிவிட்டு வேகமாக நடந்தான்.

ஒரு மதுக்கடை வாசலில் ஊர்வலம் நின்றது. ராய்ஸ் கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே நுழைந்தான். அக்காவின் கணவர் அல்சீட், தோளைச் சுற்றி மலைப்பாம்பாக வளைந்த பித்தளை ஊதுகுழல் டூபாவை இறக்காமலே, குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"குடி மச்சான். தக்காளிப் பழமா செவந்துட்ட. எங்க ஊரு வெயிலு வெள்ளக்காரங்கள வறுத்துத்தான் விடும்."

மச்சான் என்ற சொல் அவனுக்குத் தைத்தது. பதினோரு வருடங்களுக்கு முன், ஒரு கறுப்பரைக் கட்டப்போவதாக லியோனா சாப்பாட்டு மேசையில் சொன்னபோது, "அந்த ஆளோட வர்றதா இருந்தா இந்த வாசல மறந்துடு" என்று அப்பா சொன்னார். டிராக்டரில் தன் பக்கத்தில் உட்காரவைத்து வளர்த்த மகளிடம் சொன்னார். ராய்ஸ் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கல்யாணத்துக்கும் போகவில்லை.

லியோனா விசிறியை மடியில் வைத்து நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தாள். "சொல்லு. அப்பாவுக்கு என்ன?"

"யாரு சொன்னா அப்பாவுக்குன்னு?"

"ரெண்டு நாளா என் வீட்டு நாற்காலியில நீ அஞ்சு நிமிஷம் சேர்ந்தாப்ல உக்காரலடா."

"காலு. சர்க்கரை. செவ்வாக்கிழமை எடுக்கணுமாம், முழங்காலுக்குக் கீழ. அப்பா கையெழுத்துப் போட மாட்டேங்கறாரு."

"எடுக்கலன்னா?"

"ஒரு மாசம் தாங்கறதே பெரிசுங்கறாங்க."

அவள் வியர்வையைத் துடைத்தாள். கண்மை கன்னத்தில் இழுபட்டது. "என்னக் கேட்டாரா?"

இந்தக் கேள்விக்கென்றே வீட்டிலிருந்து ஒரு பொய்யைத் தயார் செய்து கொண்டுவந்திருந்தான். தூக்கத்தில் உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார் என்ற பொய். விமானத்தில்கூட ஒத்திகை பார்த்தான். இப்போது அது வாயில் வரவில்லை.

"இல்லக்கா. நானாத்தான் வந்தேன். நீ சொன்னாத்தான் கேப்பாரு."

லியோனா சிரித்தாள். "ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாமே, பாவி." பிறகு எழுந்து உடுப்பைத் தட்டிக்கொண்டாள். "வரேன். ஆனா தனியா வரமாட்டேன். நானும் இவரும் முன்வாசல் வழியாத்தான் வருவோம். அத அவருகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லணும்."

"ஊருக்குப் போயி, நேரம் பாத்து..."

"இப்ப சொல்லு. பதினோரு வருஷமா தட்டையே பாத்துக்கிட்டு இருக்க நீ."

புறப்படச் சொல்லி விசில் ஒலித்தது. அல்சீட் கன்னத்தை உப்பவைத்து ஊதினார். அடுத்த கணம் அவள் தெருவின் நடுவில் இருந்தாள்.

ராய்ஸ் ஓடிக்கொண்டே கைபேசியில் அப்பாவை அழைத்தான். விரல் வியர்வையில் இரண்டு முறை வழுக்கியது.

"என்னடா சத்தம் அங்க?"

"ஊர்வலம்பா. அக்கா ஆடிட்டுப் போறா."

கூட்டம் அவனைத் தள்ளியது. யாரோ ஒரு பெண் அவன் இடுப்பை இடித்து "ஆடுய்யா, சும்மா வராத" என்றாள்.

"அவ வராப்பா. அவ புருஷனோட வரா. முன்வாசல் வழியா. கதவ நான்தான் திறப்பேன். நீங்க என்ன சொன்னாலும் திறப்பேன்." ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டான். அப்பா வைத்துவிடுவார் என்று காத்திருந்தான். கரகரவென்று மூச்சு மட்டும் வந்தது.

"அந்த... அடித்தொண்டையில உறுமுதே. அது என்னது?"

ராய்ஸுக்குக் கண் கலங்கியது. "டூபாப்பா. அவருதான் ஊதறாரு. அல்சீட்."

அப்பா அழைப்பைத் துண்டிக்கவில்லை. ராய்ஸ் கயிற்றைத் தாண்டி, ஆடுபவர்களை விலக்கி, டூபாவுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தான். கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். ஊர்வலம் மேம்பாலத்துக்கு அடியில் நுழைந்தது. சிமென்ட் கூரையில் மோதி ஒலி இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. டூபாவின் அகன்ற பித்தளை வாயில் மஞ்சள் உடுப்புகள் பிம்பங்களாக வளைந்து நெளிந்து ஓடின. அவற்றுக்கு நடுவே, கைபேசியைக் காற்றில் நீட்டிய ஒரு கை, தாளத்துக்கு மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருந்தது.